ஏழு லீவர் பூட்டும் பதினோரு விசிலும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மேட்ச். அதே ஞாயிற்றுக்கிழமை காலை நாவலூரில் மச்சினன் ஹேமநாத்தின் மகளுக்குக் காது குத்து. சாம்பசிவன் ஒரே ஆள். இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இருக்கவும் அவருக்கு ஆசை இல்லை.

"மேட்ச் இருக்கு, நான் வரல" என்று மனைவி துர்காவிடம் நேராகச் சொல்லலாம்தான். சொன்ன பிறகு அந்த வீட்டில் குடியிருக்க வேண்டுமே! ஹேமநாத் அவளுக்கு ஒரே தம்பி. போன தடவை அவன் வீட்டுப் பால் காய்ச்சும் விசேஷத்துக்கு ஆபீஸ் வேலை என்று டிமிக்கி கொடுத்ததற்கு, இரண்டு மாசம் சாம்பாரில் காய் போடவில்லை மகராசி.

இப்படி அவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் கடவுள் கண்ணைத் திறந்தார். சேலையூரில் அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், பட்டப்பகலில், எவனோ ஜன்னல் வழியாகக் கம்பை விட்டு ஸ்டாண்டில் மாட்டியிருந்த பேண்ட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டான். பேண்ட் பாக்கெட்டில் பஸ் டிக்கெட்டைத் தவிர ஒன்றுமில்லை என்று பறிகொடுத்தவரே சொல்லிவிட்டார். அதனால் என்ன? திருட்டு திருட்டுதானே! செய்தியைக் கேட்டதும் சாம்பசிவனுக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சைதாப்பேட்டையில் ஒரு ஆபீசில் அவர் சூப்பரின்டெண்ட். சர்க்குலர் எழுதுவது என்றால் அவருக்குப் பாயசம் குடிக்கிற மாதிரி. அன்றைக்கே ஆபீசில் டைப் அடித்து, பதினோரு காப்பி ஜெராக்ஸ் போட்டு, தெருவில் உள்ள பதினோரு வீட்டுக்காரர்களையும் மொட்டை மாடியில் கூட்டிவிட்டார்.

"ரூல் நம்பர் ஒண்ணு. வீட்டுச் சாவியை வாசல்ல கோலமாவு டப்பாவுல போட்டுட்டுப் போற பழக்கத்த இன்னையோட விட்டுடணும். எந்தத் திருடனும் முதல்ல அதத்தான் தொறந்து பாப்பான்."

பெண்கள் பக்கம் கொஞ்சம் சலசலத்தது. பதினோரு வீட்டுச் சாவியும் கோலமாவு டப்பாவில்தான் இருந்தது.

"ரெண்டு. சாவி எங்க இருக்குன்னு போன்ல யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. புருஷனே கேட்டாலும் சரி. இப்ப இருக்கற திருடனுங்க குரலை மாத்திப் பேசறானுங்க. மூணு. நகை, பீரோ, விலை உயர்ந்த சாமான் எல்லாம் ஒரே ரூம்ல வெச்சு, நல்ல பூட்டாப் போட்டுப் பூட்டணும். நாலு. ஆளுக்கொரு விசில். சந்தேகமா எவனாவது நின்னா ஊதணும். அஞ்சு. முதல்ல அடி. அப்புறம் விசாரணை."

எதிர் வீட்டுப் பூவராகன் கை தூக்கினார். ரிடையர்டு கணக்கு வாத்தியார். சந்தேகம் கேட்காமல் அவரால் ஒரு இடத்தில் உட்கார முடியாது.

"எத்தனை அடி சார்?"

"அவன் 'ஐயோ'ன்னு சொல்ற வரைக்கும்."

பூவராகன் அதையும் சர்க்குலரின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பாத்திரம் தேய்க்க வரும் குப்பம்மாவுக்கும் ஒரு விசில் கிடைத்தது. அவள் அதைத் தாலிக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டாள்.

துர்கா மட்டும் அஞ்சு ரூலையும் இன்னொரு தடவை படித்தாள். சர்க்குலரை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கீழே போய்விட்டாள். அப்போதே சாம்பசிவன் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே!

அடுத்த நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். யானை இழுத்தாலும் திறக்காது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"துர்கா, நாளைக்கு நீயும் ஸ்ரீவித்யாவும் மட்டும் போயிட்டு வாங்க."

"ஏன், உங்களுக்கு என்ன?"

"தெருவுக்கே புத்தி சொல்லிட்டு நானே வீட்டப் போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? யாராவது ஒருத்தர் தியாகம் பண்ணித்தான் ஆகணும்."

"தியாகம்" என்றாள் துர்கா, மோரை ஊற்றியபடி.

"ஹேமநாத் என்னைத் தப்பா நெனச்சுக்கப் போறான். பரவால்ல. என் வீடு, என் குடும்பம்..."

"சரிங்க."

சரியா! ஒரே வார்த்தையில் சரியா! இருபது வருஷத்தில் அவள் அவருக்கு இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. சாம்பசிவன் ராத்திரி முழுக்க சிரித்துக்கொண்டே தூங்கினார்.

காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. பட்டுப்புடவை, சீர்த்தட்டு, மகள் எல்லாம் ஏறியாயிற்று. "ஜாக்கிரதையா இருங்க. அடுப்பு மேல இட்லி இருக்கு" என்றாள் துர்கா. அவர் கண்ணைக் கொஞ்சம் கலக்கிக்கொண்டு கையாட்டினார். வேன் திரும்பியதும் உள்ளே ஓடிவந்து ஒரு குதி குதித்தார். குளித்தார். இட்லியை முடித்தார். தெருமுனைக் கடையில் நாலு மெதுவடை, ஒரு பாக்கெட் சிப்ஸ். பிளாஸ்கில் காபி. எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி ஏந்திக்கொண்டு, ஒன்பது இருபத்தைந்துக்கு டிவி பார்க்கப் படுக்கையறைக்குப் போனார்.

ஸ்ரீவித்யா பத்தாவது என்பதால் அந்த வருஷம் ஹால் அவளுக்குப் படிப்பறை. டிவி படுக்கையறையில். நகையும் பீரோவும் படுக்கையறையில். படுக்கையறைக் கதவில் ஏழு லீவர் பூட்டு.

தட்டு கையில் இருக்க, சாம்பசிவன் அப்படியே நின்றார். இழுத்துப் பார்த்தார். உலுக்கிப் பார்த்தார். யானைக்கே திறக்காத பூட்டு அவருக்கா திறக்கும்? ஹேமநாத்தின் செல்லுக்குப் போன் போட்டு துர்காவைக் கூப்பிடச் சொன்னார்.

"துர்கா! பெட்ரூம் பூட்டியிருக்கே!"

"ஆமாங்க. ரூல் நம்பர் மூணு."

"அதான் நான் இங்க இருக்கேனே!"

"நீங்க அசந்து தூங்கிட்டா? ஆமா, அந்த ரூம்ல உங்களுக்கு என்ன வேணும்?"

"வே... வேட்டி."

"கொடியில காயுது."

"தலைவலி. மாத்திரை வேணும்."

"சமையல் ரூம் ஷெல்ஃப்ல, புளி டப்பா பக்கத்துல. வேற?"

வேற என்ன? மேட்ச் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை முழுங்கினார். தியாகம் என்று சொல்லிய வாயாயிற்றே!

"சாவி எங்கன்னு மட்டும் சொல்லேன்."

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"அதெப்படிங்க போன்ல சொல்றது? ரூல் நம்பர் ரெண்டு. நீங்கதான் பேசறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அடியே, நான் உன் புருஷன்டி!"

"திருடனும் அப்படித்தான் சொல்லுவான்" என்று வைத்துவிட்டாள்.

எதிர் வீட்டிலிருந்து ஒரே கைதட்டல். மேட்ச் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. பூவராகன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா? பூவராகனின் மனைவி காமு இருக்கிறாளே. அவள் கண்ணில் பட்டது துர்காவின் காதுக்குப் போக அரை நிமிஷம் ஆகாது. அப்போதுதான் அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது.

படுக்கையறையின் பின்பக்க ஜன்னல். அதன் கொக்கி உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. நாளைக்குச் சரி பண்ணிடறேன் என்று அவரும் மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறார். டிவி அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே. ஒட்டடைக் கம்பைத் திருப்பி நுழைத்தால் பட்டனை அமுக்கிவிடலாம். கம்பி வழியாக நின்றபடியே மேட்சும் பார்க்கலாம். அடடா, என்ன மூளை!

பங்குனி வெயில் பின்பக்கத்தில் சுள்ளென்று அடித்தது. துண்டைத் தலையோடு முகத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். லுங்கியை மடித்துக் கட்டினார். முக்காலியைப் போட்டு ஏறி, கம்பை உள்ளே விட்டார். முதல் குத்து சுவரில். இரண்டாவது காலண்டரில். ஐந்தாவது குத்தில் டிவி உயிர் பெற்றது. பச்சைப் பசேலென்று மைதானம். பந்து போடுகிறவன் ஓடி வருகிறான், ஓடி வருகிறான்...

பின்னாலிருந்து விசில் காதைக் கிழித்தது.

"அடப் பாவி! சாரு வூட்டுலயே கைய வெச்சுகினியா?" குப்பம்மா! கையில் தென்னந்துடைப்பம். "பேமானி! ஜன்னல்ல கம்ப வுட்டா கீற?"

முதல் அடி முதுகில். இரண்டாவது அதற்கும் கீழே. முக்காலி சாய்ந்தது. அதற்குள் தெருவில் அத்தனை விசிலும் ஊதி, அத்தனை வீட்டாரும் கட்டையும் கரண்டியுமாக வந்துவிட்டார்கள். பூவராகன் குடையால் அடித்துக்கொண்டே எண்ணினார். "மூணு... நாலு..."

"ஐயோ!" என்றார் சாம்பசிவன்.

"நிறுத்துங்க! ஐயோ சொல்லிட்டான்" என்றார் பூவராகன். துண்டை உருவினார்கள்.

"அய்ய, நம்ம சாரு!" குப்பம்மா வாயில் கை வைத்தாள். "இன்னா சாரு இது, உன் வூட்டு ஜன்னல்லயே நீ ஏறிகினு கீற?"

பதினோரு வீடும் பதிலுக்காகக் காத்திருந்தது. சாம்பசிவன் முதுகைத் தடவியபடி எழுந்தார். லுங்கியை இறக்கிவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்களை டெஸ்ட் பண்ணேன். எல்லாரும் பாஸ்."

ஒரே கரகோஷம். பூவராகனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "உள்ள டிவி ஓடுதே சார்?"

"அது... உள்ள ஆள் இருக்கற மாதிரி திருடன் நெனக்கணும்ல?"

"ஆஹா! சார் மூளையே மூளை! ஆனா சார், இந்த ஜன்னல் கொக்கி உடைஞ்சிருக்கு. இதுதான் உங்க வீக் பாயின்ட். கவலைப்படாதீங்க, இதோ வரேன்" என்று வீட்டுக்கு ஓடினார். பலகை, ஆணி, சுத்தியலோடு வந்தார். பத்தே நிமிஷத்தில் ஜன்னல் முழுக்கப் பலகை அடித்து மூடிவிட்டார். சாம்பசிவன் பல்லைக் கடித்துக்கொண்டு தேங்க்ஸ் சொன்னார். "சரி சார், மேட்ச் ஓடுது. உங்களையும் கூப்பிடலாம்னுதான் இருந்தேன். நீங்க டியூட்டில இருக்கீங்க, தொந்தரவு பண்ணாதீங்கன்னு துர்கா சொல்லிட்டுப் போனாங்களே" என்று போயேவிட்டார்.

அன்று முழுக்க சாம்பசிவன் பூட்டிய கதவில் காதை ஒட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தார். மல்லாக்கப் படுக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. உள்ளே கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் எவன் அடித்தான், எவன் அவுட் ஆனான் என்று தெரியாது. இந்திக்காரன் வேறு வர்ணனை. அவர் படித்த ஸ்கூலில் இந்தி கிடையாது. மெதுவடை கல்லாகிப்போனது. அழுகை அழுகையாக வந்தது அவருக்கு.

ஆறு மணிக்கு வேன் வந்தது. துர்கா தாம்பாளத்தோடு இறங்கினாள். வாசற்படியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பு ஸ்டாண்டின் மேல் இருந்த கோலமாவு டப்பாவைத் திறந்தாள். இரண்டு விரலை விட்டு ஏழு லீவர் பூட்டின் சாவியை எடுத்து, உஃப் என்று மாவை ஊதினாள்.

சாம்பசிவன் படியிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் காலையிலிருந்து அந்த டப்பாவைத் தாண்டி எட்டு தடவை போய் வந்திருந்தார்.

படுக்கையறை திறந்தது. டிவியில் யாரோ கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். யார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் பற்பசை விளம்பரம் வந்துவிட்டது. துர்கா டிவியைப் பார்த்தாள், பலகை அடித்த ஜன்னலைப் பார்த்தாள், காலண்டரில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"அந்த... அந்த டப்பாவுலயா வெச்ச?" என்றார் அவர், ஈனக் குரலில்.

"ஏங்க, எந்தத் திருடனும் முதல்ல அதத்தான் தொறந்து பாப்பான்னு ஊருக்கே சொன்னீங்களே, நீங்க பாக்கலையா?"