எட்டு வருஷத்துப் பாட்டில்

நான்காம் நம்பர் அறையின் பாட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற வெந்நீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் முருகேஸ்வரிக்கு விஷயமே தெரிந்தது.

"சேச்சி, நாலாம் நம்பர் ஃப்ரிட்ஜ்ல ஒரு பாட்டில் இருக்கும். தொடவே கூடாது, கேட்டோ," என்றான் மானேஜர் ரிஜின், போகிற போக்கில். "சுஷ்மா மேடம் எட்டு வருஷமா வளர்க்கிற பாக்டீரியா. சாயங்காலம் கெஸ்ட்டுங்களுக்கு அவங்க எடுக்கிற ஆரோக்கிய கிளாஸ்ல அதுதான் மெயின்."

"பாக்டீரியாவா? அத எதுக்கு சார் வளக்குறாங்க?"

"இது நல்ல பாக்டீரியா. தயிர்ல இருக்குமே, அந்த ஜாதி. குடல்ல போய் உக்காந்துட்டு செரிமானத்தைப் பார்த்துக்கும். கெட்ட கிருமியை இடம் பிடிக்க விடாது."

முருகேஸ்வரி வெயிலில் கவிழ்ந்திருந்த பாட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். குமுளியில் இந்த ரிசார்ட்டில் பதினோரு மாதமாக அறை சுத்தம் செய்கிறாள். திங்கட்கிழமை வேலை நிரந்தரம் என்று ரிஜின் எழுதித் தருவதாக இருந்தது. காலையில் திறந்தபோது பாட்டிலில் புளித்த வாடை அடித்தது. கெட்டுப்போன பால் என்று கொட்டிவிட்டாள். சுத்தத்துக்குப் பேர் போனவளுக்கு அந்தச் சுத்தமே வினையாக வந்தது.

சமையலறைக்கு ஓடினாள். சமையல்காரி ஜோமோளிடம் ஒரு கிண்ணம் தயிர் வாங்கிக் காலிப் பாட்டிலில் ஊற்றினாள். கட்டி கட்டியாக நின்றது. மதியச் சாப்பாட்டு மோரைக் கலந்தாள். கறிவேப்பிலை மிதந்தது. வடிகட்டினாள். புளிப்பு போதவில்லை என்று எலுமிச்சம்பழம் பிழிந்தாள். வாடையும் வேண்டுமே! அப்பத்துக்குப் புளிக்க வைத்திருந்த ஈஸ்ட் மாவிலிருந்து இரண்டு கரண்டி.

"எந்தா சேச்சி, உடம்புக்கு முடியலையா?"

"வயித்துல ஒரே கலக்கம் ஜோமோள்," என்றாள். அதில் மட்டும் பொய் இல்லை.

நன்றாகப் புளிக்கட்டும் என்று மூடியை இறுக்கி, அடுப்பு மேடை ஓரத்தில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு அறை ஃப்ரிட்ஜில் சேர்த்தாள்.

நாலு மணிக்கு வகுப்பு. கல்பாத்தியிலிருந்து வந்திருந்த சுஷ்மா, பன்னிரண்டு பேர் முன்னால் பாட்டிலைத் தூக்கிக் காட்டி மூடியில் கை வைத்தார். மூடி 'டப்' என்று பறந்து கூரையில் பட்டது. நுரை பொங்கி ரிஜினின் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

தட்டுகளோடு வாசலில் நின்ற முருகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, திங்கட்கிழமை போச்சு.

"பாத்தேளா!" என்று சுஷ்மா துள்ளினார். "எப்படி உசிரோட இருக்கு! எட்டு வருஷத்துல இதை இத்தனை சுறுசுறுப்பா நான் பார்த்ததே இல்லை. மலைக்காத்து ஒத்துண்டிருக்கு!"

ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தார். ரிஜின் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கப் பெரும்பாடுபட்டான். முன்வரிசைக்காரர் ஒருவர், ஸ்பூனைக் கீழே வைக்கும் முன்பே, "வயிறு லேசாயிடுச்சு மேடம்," என்றார்.

தப்பித்தாயிற்று. ஆனால் முருகேஸ்வரிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. பாவம், ஒரு பொம்பளை எட்டு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்தது. வேலை போனாலும் போகட்டும், சொல்லிவிடுவது என்று விடிந்ததும் கார் நின்ற இடத்துக்குப் போனாள். மேடத்தின் டிரைவர் வேல்முருகன், கம்பத்துக்காரர், பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேடத்தக் கொஞ்சம் கூப்புடுங்க. அவங்க எட்டு வருஷமா வளத்தத நான்தான் கழுவி ஊத்திட்டேன். இதுல இருக்கறது என்னோட கலவை."

வேல்முருகன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

"சத்தம் போடாத தாயி. நீ கழுவி ஊத்துனது, போன மாசம் பூப்பாறை ரோட்டோரத் தட்டுக்கடையில நான் வாங்கி ஊத்துன மோரு."