ஒப்பரேட்டர் அண்ணையின் கறிக் கேள்வி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு இதுவரை வந்த கப்பல்களைவிட அதிகமான கள்ளர் தன் கைபேசிக்குள் ஒளிந்திருப்பதாக நம்பியவர் ஒப்பரேட்டர் அண்ணை. துறைமுகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓர்ஸ் ஹில்லில் என் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். கைபேசியைப் பிஸ்கட் டின்னுக்குள் மூடி வைத்திருப்பார். தானாக யாருக்கும் அழைப்பு எடுக்கவே மாட்டார்.

யாராவது எடுத்தால் முதல் கேள்வி, "இண்டைக்கு உங்கட வீட்டில என்ன கறி?" தெரிந்தவரென்றால் பதிலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். ஒருநாள் வங்கியிலிருந்து பேசிய பாவப்பட்ட பெண், "பருப்பு, ஐயா" என்றாள்.

"பருப்பு எல்லா வீட்டிலயும்தான் இருக்கு. நம்ப ஏலாது!" படாரென்று வைத்துவிட்டார்.

நான் இணையத்தில் கருவாடு விற்கிறேன். கடை முழுவதும் என் கைபேசிக்குள்தான். "பிள்ளை, உங்கட கடைக்குக் கதவே இல்லை, கவனம்" என்பார். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குசினியில் தேங்காய்ப்பால் சொதி துழாவிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. "அக்கா, பார்சல் கொம்பனியில இருந்து கதைக்கிறன். உங்கட போனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், சொல்லுங்கோ. இல்லாட்டி பார்சல் எல்லாம் திரும்பிடும்." பதறிப்போய்ச் சொல்லித் தொலைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் வாசல் படலை தடதடத்தது. பிஸ்கட் டின்னுடன் அண்ணை.

"பிள்ளை, வெள்ளிக்கிழமையில கோழிக்கறியோ?"

"என்ன கதை அண்ணை இது? இண்டைக்கு நான் மரக்கறி எல்லோ!"

"அப்ப உங்கட பேரில மெசேஜ் போட்டு அவசரமாக் காசு கேக்கிறது ஆர்? என்ன கறி எண்டு கேட்டன். கோழி எண்டு பதில் வருது!"

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். கடை நடத்தும் மெசேஜ் கணக்குக்குள் என்னாலேயே போக முடியவில்லை. மூன்று வருடமாக என்னை நம்பி, முன்பணம் கட்டி வாங்கும் சனம். அவர்களோடு இந்த நேரம் என் பெயரில் எவனோ கொஞ்சிக் குழைந்து கதைத்துக்கொண்டிருக்கிறான். முகமில்லாத அவன் என் குசினிக்குள்ளேயே நிற்பதுபோல இருந்தது. ஐயோ, இனி யார் என்னை நம்புவார்கள்?

"அழாதேங்கோ. பார்சல் வாங்கிற ஆக்களின்ர நம்பர் எழுதின கொப்பியைத் தாங்கோ" என்றார் அண்ணை.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். டின்னைத் திறந்து கைபேசியை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். "ஒப்பரேட்டர் கதைக்கிறன். கருவாட்டுப் பிள்ளையின்ர பேரில காசு கேட்டால் குடுக்காதேங்கோ. ஓம், களவு!" தெரியாத குரல்கள் நாற்பதோடு கதைத்தார். ஒருவரிடம்கூடக் கறி கேட்கவில்லை. ஒருவரும் ஏமாறவில்லை. இரண்டாம் நாள் கணக்கும் திரும்பக் கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை, கடைசி அழைப்பு முடிந்து கொப்பியை மூடியதும் நான் கேட்டேன்: "அண்ணை, உங்கட வீட்டில என்ன கறி?"

"சமைக்கேல்லை பிள்ளை. பயத்தில ஓடி வந்திட்டன்."

சோறு போட்டுச் சொதி ஊற்றினேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் இங்கேதான் சாப்பாடு. கறிக் கேள்விக்கு இரண்டு பேருக்கு ஒரே பதில் இருந்தால் கள்ளனுக்கு வசதி என்று இன்னும் பயப்படுகிறார். ஆனாலும் பன்னிரண்டு மணிக்குப் படலை தட்டாவிட்டால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது.