படத்திலிருந்து இறங்கி வந்தவன்

உயிரோடு இருக்கும்போதே பேயாக இருந்து பார்த்தவர்கள் எங்கள் ஜில்லாவில் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் இருந்திருக்கிறேன். ஏறக்குறைய இரண்டு நிமிடம். (சரியாகச் சொன்னால் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. கேமராப் பதிவில் பிறகு பார்த்துக்கொண்டேன்.)

தொடங்கியது என்னவோ நல்ல காரியமாகத்தான். ஊரார் பணத்தை எந்தக் கம்பெனியில் போட்டால் பெருகும் என்று ஆராய்ந்து நிர்வகிக்கிற முதலீட்டு மேலாண்மைத் தொழிலில் பெண்கள் குறைவு. அதைச் சரிசெய்யச் சென்னையில் ஒரு தொண்டு அமைப்பு, கல்லூரிப் பெண்களுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வங்கியின் முதலீட்டுப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். (சொந்தப் பணத்தை நான் ஒருநாளும் வைப்புநிதிக்கு வெளியே அனுப்பியதில்லை. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

எனக்குக் கிடைத்தவள் எங்கள் ஊர் கருங்கல்லையே சேர்ந்த ஜெனிஷா. எட்டு மாதம் பாடம் நடந்தது. ஆண்டறிக்கையை முதல் பக்கத்துச் சிரித்த முகங்களிலிருந்து படிக்காமல் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்திலிருந்து படிக்கச் சொன்னேன். கேள்வி வந்ததும் வாயைத் திறக்காதே, யோசி என்றேன். “பத்து செகண்டு பேசாம இருந்தா யாரும் செத்துப்போவ மாட்டாவ, மக்கா” என்பது என் உபதேசம். அவளுக்கே அலுத்துவிட்ட உபதேசம்.

மும்பையில் ஒரு முதலீட்டு நிறுவனம் அவளைக் காணொளி நேர்காணலுக்கு அழைத்தது. அன்று மாலையே அவளுடைய அம்மா லீலா என் வீட்டு கேட்டில் வந்து நின்றாள்.

“சாறே, இந்த ஒரு தடவதான். இது கெடைக்கலன்னா அவ அப்பா அந்தக் குவைத்து மாப்பிளைக்கு வாக்கு குடுத்துருவாரு. பெறவு நானும் நீங்களும் கெடந்து கதறுனாலும் நடக்காது, கேட்டியளா?”

கேட்டேன். அன்றிலிருந்து இரவுக்கு மூன்று தடவை விழித்தேன்.

ஜெனிஷாவின் வீட்டுக்கும் ஆலயத்து ஒலிபெருக்கிக்கும் நடுவில் ஒரே ஒரு தென்னைமரம். அந்த வாரம் அங்கே ஜெபக்கூட்டம். என் வீட்டு இணையமோ சாரல் அடித்தாலே போய்விடும். மிச்சம் இருந்தது அண்ணன் வீடு. அண்ணன் இறந்து நான்கு வருஷம். மதினி துபாயில் மகன் ராபினோடு இருக்கிறாள். சாவி என்னிடம். பூட்டிய வீட்டைக் கேமரா வழியாகப் பார்த்துக்கொள்வதற்காக ராபின் அங்கே நல்ல இணையம் போட்டிருந்தான். அதுவரை வாசலில் மட்டும் இருந்த கேமரா, ஒன்பது நாளைக்கு முன்புதான் ஹாலுக்குள்ளும் வந்திருந்தது. அது பேசும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நேர்காணல் பகல் மூன்று மணிக்கு. ஆனால் அன்று பெய்த மழையில் மூன்று மணி ஆறரை மாதிரி இருந்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்தால், அதுவரை உள்ளே பேசிக்கொண்டிருந்த யாரோ சட்டென்று நிறுத்தியது போல ஒரு அமைதி இருக்கும். நாற்காலிகள், சோபா, கட்டில் எல்லாவற்றிலும் வெள்ளை விரிப்பு. ஜெனிஷாவுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரியும்படி மேஜையைப் போட்டேன். தன் முகம் தெரிந்தால் பதறுவாள் என்று, திரையில் அவள் படம் அவளுக்கே தெரியாமல் மறைத்துவைக்கச் சொன்னேன்.

“அங்கிள், நீங்க அடுத்த வீட்டுல போய் இருங்க. தனியா இருக்கணும்னு அவங்க சொல்லியிருக்காங்க. நீங்க உள்ள இருந்தா எனக்குப் பேச்சும் வராது.”

போனேன். ஆறு நிமிடம் இருந்தேன். பிறகு சமையலறைக் கதவு வழியாகத் திரும்பி வந்து, அண்ணனின் படுக்கையறைக்குள் புகுந்துகொண்டேன். (எதற்கு என்று மனைவி இன்றும் கேட்கிறாள்.)

நனைந்த சட்டையில் குளிர் ஏறியது. கட்டில் விரிப்பை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டேன். நிமிர்ந்தால் எதிரே நிலைக்கண்ணாடியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

அது நான்தான் என்று பிடிபட நேரமாயிற்று. அதே வழுக்கை, அதே தாடை. அண்ணனுடைய மூக்குக்கண்ணாடியின் சட்டத்தைத்தான் நான் போட்டிருந்தேன். நல்ல சட்டம், வீணாகக் கிடக்க வேண்டாமே என்று என் லென்சை அதில் மாட்டியிருந்தேன். அண்ணன் எழுபத்தொரு வயதில் போனார். எனக்கு அன்று எழுபத்திரண்டு. அண்ணனைவிட மூத்தவனாகிவிட்டேன் என்பது அந்த அறையில்தான் உறைத்தது. கண்ணாடியைப் பார்க்காமல் கதவருகே நகர்ந்து நின்றேன்.

ஹாலில் இருந்து ஆங்கிலத்தில் ஒரு அம்மாளின் குரல் கேட்டது. “உங்களுக்குப் பின்னால் படத்தில் இருப்பது யார்?”

“இந்த வீட்டுக்காரர், மேடம். இறந்துவிட்டார்.”

வெளிச்சம் போதாமல் பெண் மேஜையைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். அலமாரி போய், சந்தன மாலையும் சிவப்பு பல்புமாக அண்ணன் வந்துவிட்டார்.

ஆனாலும் நன்றாகத்தான் பேசினாள். ரப்பர் கையுறை செய்யும் ஒரு கம்பெனியின் பங்கை ஏன் வாங்கலாம் என்று விளக்கினாள். அப்போது அந்த அம்மாள் கேட்டாள்: “சரி, உங்கள் கணிப்பு தவறு என்று எப்போது ஒப்புக்கொள்வீர்கள்?”

மௌனம்.

எண்ணினேன். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து வந்தது, போயிற்று. பதினொன்று. பெண் உறைந்துவிட்டாள், குவைத்துக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்தேன். சுற்றிப் போய் லேப்டாப்புக்குப் பின்னால் நின்று ஜாடை காட்டலாம் என்று, கதவைத் திறந்து சத்தமில்லாமல் ஹாலுக்குள் நடந்தேன். விரிப்போடு.

திரையில் இரண்டு முகங்கள், அந்த அம்மாளும் ஓர் ஆணும். இருவரும் ஜெனிஷாவைப் பார்க்கவில்லை. அவர்கள் கண்கள் என் தலைக்கு மேலே போயின. என் முகத்துக்கு இறங்கின. மறுபடியும் மேலே போயின. நானும் அண்ணாந்து பார்த்தேன். நேர் மேலே அண்ணன். சிவப்பு வெளிச்சம் இரண்டு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. கால் நகரவில்லை.

அந்த ஆண் நாற்காலியோடு பின்னால் போனார். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“ஜெனிஷா, வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா?”

“இல்லை மேடம். நான் மட்டும்தான்.”

“படத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்றீர்கள்.”

“ஆமாம் மேடம்.”

“அவர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்.”

ஜெனிஷா திரும்பவில்லை. அவள் பின்கழுத்து மயிர் சிலிர்த்ததை நான் பார்த்தேன். அப்போது மேலே, கூரையிலிருந்து, கரகரவென்று ஒரு குரல் வந்தது.

“எப்பா?”

எனக்கு உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். யாருடைய உயிர் என்பதில்தான் குழப்பம்.

“எப்பா... குளிருதாப்பா?”

ராபின். இரவு வேலை முடிந்து துபாயில் தூங்கிக்கொண்டிருந்தவனைக் கூரையில் மாட்டிய கேமராவின் மணி எழுப்பியிருக்கிறது. அரைத்தூக்கத்தில் போனைத் திறந்தவன் கண்ட காட்சி, அவன் அப்பா சொந்தப் படத்துக்குக் கீழே போர்த்திக்கொண்டு நிற்பது.

என் தொண்டையிலிருந்து என்னுடையது அல்லாத ஒரு குரல் வந்தது. “அப்பா இல்லடே மக்கா. சித்தப்பா.”

ஜெனிஷா எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு விரலால் என் கையைத் தொட்டாள்.

“சூடு இருக்கு” என்றாள், தனக்குத்தானே. திரும்பிப் போய் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னாள்: “மேடம், என் கணிப்பு தவறு என்று எப்போது ஒப்புக்கொள்வேன் என்று கேட்டீர்கள். இப்போது. தனியாக இருப்பதாக நினைத்துத்தான் சொன்னேன். போய்த் தொட்டுப் பார்த்தேன், தவறு. இவர் உயிரோடு இருக்கிறார். என் வழிகாட்டி.”

கூரை அப்போதுதான் வாய் திறந்தது. “சித்தப்பா! எங்க வீட்டு பெட்ஷீட்ட மூடிப் பொதச்சிட்டு நீங்க என்ன செய்யிய?”

நேர்காணல் முடிந்து ஜெனிஷா மழைக்குள் இறங்கினாள். கேட்டருகே நின்றாள்.

“பத்து செகண்டுன்னு சொன்னது நீங்கதானே அங்கிள்?”

“பதினொண்ணு ஆச்சு, மக்கா.”

அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் தகவல் இல்லை. லீலா தினமும் கேட்டுக்கு வந்தாள், ஒன்றும் கேட்காமல் திரும்பினாள். அது கேட்பதைவிட மோசம். பதின்மூன்றாம் நாள் ஜெனிஷாவின் போன்.

“அங்கிள், கெடச்சாச்சு! பேயே வந்தாலும் போய்த் தொட்டுப் பாத்துட்டு கணக்கத் திருத்துற ஆளு வேணுமாம் அவங்களுக்கு.”

பின்னால் லீலா அழுவது கேட்டது. குவைத்து மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டான். ஜெனிஷா மும்பைக்குப் போனாள். அவளுடைய அலுவலகத்தில் எனக்கு ‘போட்டோ அங்கிள்’ என்று பெயராம். நேர்காணலில் நாற்காலியோடு பின்வாங்கியவர் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லையாம்.

எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணத்திலும் இந்தக் கதை பந்தி முடிவதற்குள் வந்துவிடும். சனிக்கிழமை ஜன்னல் திறக்க அண்ணன் வீட்டுக்குப் போனால், கூரை கேட்கும்: “யாரு, அப்பாவா சித்தப்பாவா?” சித்தப்பா என்பேன். துபாயில் சிரிப்பான்.

சில மழை நாட்களில் அந்தக் கேள்வி முழுதாக வருவதில்லை. “எப்பா?” என்று மட்டும் வரும், சிரிப்பும் இருக்காது. அந்த நாட்களில் நான் உடனே பதில் சொல்வதில்லை. படத்துக்குக் கீழே நின்று, மனதுக்குள் பத்து எண்ணுகிறேன். அந்தப் பத்து விநாடியில் யாரும் செத்துப்போகவில்லை.