மோர் குடிச்ச எல்டர்மாரும் கீரிமலைக்குப் போகாத அண்ணையும்

சிவமயம்

சட்டன், லண்டன்

என்றும் என் மரியாதைக்குரிய அண்ணைக்கு,

அதைத்தான் அண்ணை நானும் கேக்கிறன், முழங்கால் நோகிற மனிசனுக்கு ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணிப் படி இறங்க ஏலாது, சரி, கிரிக்கெட் பாக்க மட்டும் முழுநாளும் கதிரையில குந்தியிருக்க ஏலுமோ? லலிதா அண்ணி எல்லாம் சொன்னவ. நீங்கள் அவவை ஏசாதேங்கோ, நான்தான் துருவித் துருவிக் கேட்டனான். நீங்களும் அண்ணியும் நல்லூரான் கிருபையால முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகமாய் இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறேன். இஞ்ச நானும் மகள் தர்மிகாவும் சுகம் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தனான், பொய் எழுத மனம் வருகுதில்லை.

என்ர மனிசன் கண்மூடி இது ரெண்டாவது ஆடி அமாவாசை. எங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. அந்த மனிசனுக்கு எள்ளும் தண்ணியும் விட ஊரில உங்களை விட்டால் ஒருத்தரும் இல்லை. உங்கட பாஸ்போட்டில தன்ர படத்தை ஒட்டிக்கொண்டு வந்து இந்த நாட்டில இறங்கின ஆள். மச்சான் தந்த உயிர், மச்சான் தந்த உயிர் எண்டு சாகுமட்டும் சொன்னவர். அவருக்காக நீங்கள் கீரிமலையில ஒருக்கா நனைஞ்சிருந்தால் எனக்கு இந்தக் கேடு வந்திராது.

என்ன கேடெண்டு கேளுங்கோ. போன வியாழக்கிழமை சாமிக்கு விளக்கேத்திப்போட்டு நிக்கிறன், கதவில மணி. பாத்தால் ரெண்டு வெள்ளைக்காரப் பெடியங்கள். வெள்ளைச் சேட், ரை, நெஞ்சில கறுப்பு அட்டை. ஒருத்தன் வாயைத் திறந்து, "வணக்கம் அம்மா. தங்களுடன் சிறிது நேரம் உரையாட விரும்புகிறோம்" எண்டான். ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி, அண்ணை. நான் பெத்தது "மம், வட்ஸ் ஃபோர் டின்னர்" எண்டு கேக்குது, அமெரிக்காவில பிறந்தவன் எனக்குத் "தங்களுடன்" எண்டுறான். எனக்கு அப்பிடியே நெஞ்சு இளகிப்போச்சு. உள்ள கூப்பிட்டு இருத்தினன்.

பேர் கேட்டன். ரெண்டு பேரும் எல்டராம். ஒரே பேரை ரெண்டு பிள்ளையளுக்கு வைக்கிற தாய் தகப்பனும் இருக்கினமோ எண்டு யோசிச்சன். அது மூத்தவர் எண்ட பட்டமாம், எங்கட பெரியவர் மாதிரி. மீசை முளைக்கேல்லை, பெரியவர். தேத்தண்ணி வேண்டாம் எண்டாங்கள். கோப்பியும் வேண்டாமாம், சமயத்தில விலக்காம். படியில நிண்டு தர்மிகா "தே ஆர் மோர்மன்ஸ், மம்" எண்டாள். அதை முதலே சொல்லியிருக்கலாமே எண்டு போய்ப் பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வெட்டிப்போட்டு ரெண்டு பெரிய கப்பில மோர் கொண்டுவந்து குடுத்தன். மோர்மன் எண்டால் மோர்தானே குடிப்பினம்? அதுகள் பாவம், கண்ணால தண்ணி ஓட ஓடக் குடிச்சு முடிச்சுதுகள்.

இனித்தான் தர்மிகாவின்ர கூத்து. உங்களுக்குத் தெரியும், அவளைச் சின்னனில சனிக்கிழமை சனிக்கிழமையாய் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டனாங்கள். அவள் பின்வரிசையில இருந்து தானே ஒரு எழுத்துக் கீறி, தானே ஒரு பாஷை கட்டினவள். இப்ப கொம்பியூட்டர் வேலை, அந்தப் பாஷைக்கு இலக்கணம் முடிஞ்சு அகராதி ஓடுது. அதைப் பேசிறதுக்கு ஒரு உலகமும் செய்து வைச்சிருக்கிறாள், அதுக்கு ஏழு நிலா. அந்த எழுத்தில ஒரு தாள் பிரிட்ஜில ஒட்டியிருக்கு. நான் காய்ச்சலாய்க் கிடந்த நாளில செய்வினை எண்டு நினைச்சுத் திருநீறு பூசி வைச்சனான்.

எல்டர் அதைப் பாத்து, "இது மலையாளமா?" எண்டு கேட்டானோ இல்லையோ, ஒரு கிழமையாய் என்னோட முகம் குடுத்துக் கதைக்காதவள் ஓடிவந்து பக்கத்தில இருந்திட்டாள். கதை, கதை, ஒரே இங்கிலிஷ் கதை. இவளின்ர உலகத்தில சாமியெல்லாம் முந்தி மனிசராய் இருந்தவையாம். அவன் சொல்றான், தங்கட சமயத்திலயும் மனிசர் கடவுளைப் போல ஆகலாமாம், பிறக்க முதலே உயிர் மேல இருந்ததாம். மலையில புதைஞ்சு கிடந்த பொன் தகட்டைத் தேவதூதன் ஒரு பெடியனுக்குக் காட்ட, ஒருத்தருக்கும் தெரியாத அந்த எழுத்தைப் பெடியன் கல்லுக்குள்ளால பாத்து வாசிச்சவனாம். "அதாலதானோ உங்கட ஆக்கள் கனபேர் உப்பிடி வேற உலகக் கதையள் எழுதிறது?" எண்டு இவள் கேக்கிறாள். அவன் வெக்கப்பட்டு, தானும் ஒண்டு எழுதினவன் எண்டான்.

எனக்கு உதில ஒரு புதுமையும் தெரியேல்லை. எங்கட தேவார ஏடும் சிதம்பரத்தில பூட்டின அறைக்குள்ள கிடந்து, கறையான் திண்ட மிச்சம்தானே வந்தது. ஆத்தில எதிர்த்துப் போன ஏடும் இருக்கு. பொன் தகட்டைக் கறையான் தின்னாது, அமெரிக்கன் எதையும் யோசிச்சுத்தான் செய்வான்.

கடைசியாய் இவள் பெருமையடிக்கிறாள், தன்ர பாஷையில இங்கிலிஷில இல்லாத ஒரு சொல் இருக்காம். கிட்ட இருக்கிறதுக்கு ஒண்டு, தூர இருக்கிறதுக்கு ஒண்டு, கேக்கிற ஆளுக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கு மூண்டாவதா ஒண்டு. தானே கண்டுபிடிச்சதாம். "பிள்ளை, உது 'உது' தானே" எண்டன். "கொப்பர் படுக்கையில கிடந்தும், உதை எடு பிள்ளை, உதை எடு பிள்ளை எண்டுதானே உன்னட்டைக் கேட்டவர்?" அவளுக்கு முகம் செத்துப்போச்சு. எல்டருக்குப் படிப்பிச்சது இந்தியா வாத்தியார் போல, 'உது' தெரியாது, போனில குறிச்சுக்கொண்டான். இவள் ஒஃபீஸ் கோல் எண்டு சொல்லி மேல போயிட்டாள். அழுதவளோ தெரியாது.

அப்பதான் அவன் இவற்ற படத்தைக் காட்டி, "தங்கள் கணவரா?" எண்டு கேட்டான். "இறந்தவர்களுக்காக எங்கள் ஆலயத்தில் நாங்கள் தண்ணீரில் இறங்கி முழுகுவோம். குடும்பங்கள் என்றென்றும் பிரியாமல் இருக்கும். விரும்பினால் அவருடைய பெயரைத் தாருங்கள்."

கோயில், தண்ணி, செத்தவை. சைவப்பிள்ளை ஒண்டு இதைக் கேட்டால் என்ன நினைக்கும்? கூடப்பிறந்த அண்ணைக்கு மனம் வரேல்லை, ஆர் பெத்த பிள்ளையோ இறங்கிறன் எண்டுதே எண்டு அழுது குழறிப்போட்டன். புருஷன்ர பேரை நான் வாயால சொல்லிப் பழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். படத்தடியில அவற்ற பஸ் பாஸ் கிடந்தது, எடுத்துக் காட்டினன். அதில கிடந்த பேரைப் பாத்துப் போனில அடிச்சான். நட்சத்திரம் பூரட்டாதி எண்டன். அது எந்த ஊர் எண்டு கேட்டான். அப்பவாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேணும்.

பின்னேரம் தர்மிகா தலையில கைவைச்சாள். அது தர்ப்பணம் இல்லையாம், ஞானஸ்நானமாம். செத்த ஆளுக்காக உயிரோட இருக்கிற ஆள் தண்ணியில தாழுமாம். "டோன்ட் வொறி அம்மா, அப்பா கான் சே நோ. அவருக்கு விருப்பமில்லாட்டி அங்க வேண்டாம் எண்டு சொல்லலாம்" எண்டாள்.

அண்ணை, அந்த மனிசன் எப்ப வேண்டாம் எண்டு சொன்னவர்? வாடகை வீட்டுக்கு ஜன்னல் மாத்த வந்தவனுக்கே "ஓம் தம்பி" எண்டு கையெழுத்து வைச்சவர். இதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார். பிறகு நான் கண்ணை மூடி சிவபெருமான்ர காலடியில போய் நிண்டு இவரைத் தேடினால் ஆரைக் காட்டுவினம்? விரதம் பிடிச்சதெல்லாம் நான், மோர்க்காரரோட போய் இருக்கப்போறது அவர்.

அதால கேக்கிறன், மன்றாடிக் கேக்கிறன். வாற அமாவாசைக்கு முழங்காலில துணியைச் சுத்திக்கொண்டெண்டாலும் இறங்கி, பேர் சொல்லி அவரைத் திருப்பிக் கூப்பிடுங்கோ. உதுவும் ஏலாதெண்டால் இனி எனக்கு அண்ணை எண்டு ஒராள் இல்லை.

அண்ணிக்கு என் அன்பு. நோய் நொடி இல்லாமல் நீங்கள் நெடுங்காலம் வாழ அந்த முருகன் துணை நிற்பானாக.

இப்படிக்கு, உங்கட தங்கச்சி
கனகாம்பிகை

பி.கு.: உறையில உங்கட பேரும் விலாசமும் எழுதேக்கதான் அண்ணை ஞாபகம் வருது. வைத்தியநாதன். பஸ் பாஸிலயும் உந்தப் பேர்தான் கிடக்கு. உங்கட பாஸ்போட்டில வந்தவர் கடைசி மட்டும் இந்த நாட்டில உங்கட பேரிலதானே இருந்தவர். அப்ப அவர் தப்பினார், அவங்கள் முழுகப்போறது உங்களுக்கு. நீங்கள் கீரிமலைக்குப் போகத் தேவையில்லை. ஆரும் வந்து கேட்டால் ஏலாது எண்டு சொல்லிவிடுங்கோ, உங்களுக்கு அது பழக்கம்தானே.