கடைசி வரிசையில் ஒரு விண்மீன் மண்டலம்

அன்புள்ள மச்சான் கியோனோபுவுக்கு,

இங்கே நாகானோவில் வாசலில் முழங்கால் அளவு பனி. ககோஷிமாவில் உங்கள் எரிமலை சாம்பல் தூவாமல் துணி காயவிடுகிறதா? நீ அனுப்பிய சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. அதில் ஒரு கிழங்கு என் மானத்தை வாங்கியதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மிசுஹோ வேலை பார்க்கும் வானாய்வுக்கூடத்தைப் போன ஞாயிறன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவள் முதன்முதலாக மேடையேறிப் பேச வேண்டும். கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை. "அப்பா, நீங்க மட்டும் வந்துடாதீங்க. உங்க முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சே வராது" என்று கெஞ்சினாள். சரி என்றேன். பெற்ற மனது கேட்குமா? தொப்பி, முகமூடி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்தேன். உன் அக்கா தடுப்பாள் என்று பார்த்தால், "குளிருமேங்க" என்று தோள், முழங்கை, முதுகு என்று பார்த்த இடமெல்லாம் சூட்டுப்பைகளை ஒட்டி, "பசிச்சா தின்னுங்க" என்று சுடச்சுட ஒரு கிழங்கையும் வயிற்றைச் சுற்றி நான் கட்டும் கம்பளிப்பட்டிக்குள் செருகி அனுப்பினாள்.

கடைசி வரிசையில் பதுங்கினேன். வாசலிலேயே மேலங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மிசுஹோ மேடைக்கு வந்தாள். வணக்கம் என்று தொடங்கி, அதையே மூன்று முறை சொன்னாள். நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். சட்டென்று ஒரு கருவியை எங்கள் பக்கம் திருப்பினாள். இஸ்திரி போடுகிற எனக்குச் சூடு என்றால் கையைச் சுடுவது. இந்தக் கருவியோ சூட்டைக் கண்ணுக்குக் காட்டுமாம். திரையில் எல்லாரும் மங்கலாக இருக்க, ஓர் ஆள் மட்டும் திருவிழா விளக்குப்போல ஜொலித்தான். பக்கத்துப் பெரியவர் பதறிப்போய், "ஐயா, உங்க வயித்துல என்னமோ கொதிக்குது!" என்றார்.

"அந்தக் கடைசி வரிசை விண்மீன் மண்டலம் கொஞ்சம் எழுந்து நிக்கணும்" என்றாள் மிசுஹோ. எழுந்தேன். வேறு வழி?

"தூசு மூடின மண்டலமும் இப்படித்தாங்க. தொப்பி, முகமூடி போட்டு ஒளிஞ்சுக்கும். அகச்சிவப்பில் பார்த்தா மாட்டிக்கும். அங்கங்கே மினுங்குதே, அங்கெல்லாம் நட்சத்திரம் பிறக்குது. நடுவயித்துல தகதகன்னு இருக்கே, அங்கே பெருந்தீனிக் கருந்துளை ஒண்ணு இருக்கு. அது விழுங்கப்போறதெல்லாம் உள்ள போகுமுன்னாடியே கொதிக்குது!"

"அது எங்க அப்பா வயிறு மாதிரியே இருக்கு!" என்று ஒரு சிறுமி கத்தினாள். அரங்கமே சிரித்தது, மிசுஹோவும் சிரித்தாள். அப்புறம் அவள் பேசினாள் பார், மச்சான்! மணியடித்தும் நிறுத்தவில்லை. நான் நின்றபடியே கருந்துளையை உரித்துத் தின்றேன்.

உன் வீட்டில் யாருக்கும் சளி அண்டாதிருக்கட்டும். வயலில் கிழங்கு தொடைத் தண்டிக்கு விளையட்டும்.

இப்படிக்கு,
ஒளியத் தெரியாத உன் அத்தான்,
தோகுஜி

பி.கு.: இதைப் படித்துவிட்டு உன் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எந்தப் பையை எங்கே ஒட்டுவது, கிழங்கை எங்கே செருகுவது எல்லாம் மிசுஹோ தொலைபேசியில் சொல்லிக்கொடுத்ததாம். "வராதீங்கன்னு சொன்னாத்தானே நீங்க தவறாம வருவீங்க! நீங்க எதிர்ல இருந்தாத்தான் அவளுக்குத் தைரியமாம்" என்கிறாள். ஆகவே நான் ஒளிந்ததாக மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மறு வருடத்துக்குக் கருந்துளை இன்னும் பெரிதாக வேண்டுமாம், பார்த்து அனுப்பு.