இறக்கத்தில் பார்த்து வாங்கிய கார்

கணக்கில் கெட்டிக்காரன் என்ற நினைப்பைப் போல எனக்குச் செலவு வைத்தது வேறெதுவும் இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன், கார் வாங்குவதற்காகக் கொப்பியில் மூன்று கட்டம் கீறினேன். புதுக் கார்: விலையைக் கேட்டதும் கொப்பியை மூடி, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திறந்தேன். பழைய பெட்ரோல் கார்: எண்ணெய், பெல்ட், மெக்கானிக்கின் பிள்ளைகளுக்கு டியூஷன் காசு (அதுவும் நம் தலையில்தான்). பழைய மின்சாரக் கார்: கொஞ்சம் கரண்ட் பில். அவ்வளவுதான்!

"பழசுன்னா பெட்ரோல் காரே வாங்குங்க. நின்னுச்சுன்னா திருத்தவாச்சும் ஆள் இருக்கு" என்றாள் என் மனைவி சரோஜா.

கேட்டேனா? நுவரெலியாவில் பார்த்த மின்சாரக் காரைத் தலவாக்கலையிலுள்ள எங்கள் வீடு வரை ஓட்டிப் பார்த்தேன். இருபுறமும் தேயிலை பச்சையாய்ச் சரிய, நானும் சத்தமில்லாமல் அதோடு சரிந்தேன். புறப்படும்போது முக்கால்வாசி இருந்த சார்ஜ், வீட்டு வாசலிலும் முக்கால்வாசி! கொப்பியில் 'ஓட ஓடச் சம்பாதிக்கும்' என்று எழுதினேன். (வழி முழுக்க இறக்கம் என்பது, பிறந்ததிலிருந்து இந்த மலையில் ஏறி இறங்குகிறவனுக்குத் தோன்றவில்லை.)

அடுத்த வாரம் சரோஜாவின் தம்பி குமாருக்குப் பரிசம். பெண் வீடு நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை நாள் தள்ளிப் போட்டதில் பெண்ணின் அப்பா முறுக்கிக்கொண்டிருந்தார். பத்தரைக்குள் தட்டு மாற்றாவிட்டால் சம்பந்தமே கிடையாது என்று சொல்லியனுப்பியிருந்தார். மாப்பிள்ளை, தட்டுகள், மாமியார், சரோஜா எல்லாம் என் காரில்.

பாதி ஏற்றத்திலேயே சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

"பயப்படாதீங்க. திருப்பிக் கொஞ்சம் கீழ விட்டா சார்ஜ் ஏறும். அப்புறம் மேல போயிரலாம்" என்றேன்.

"கீழ போய் மேல, மேல போய் கீழ... இவனுக்குப் பேரப்புள்ள பொறந்தாலும் நம்ம இந்த வளைவுலதான் இருப்போம்" என்றாள் சரோஜா.

"மச்சான் சொன்னா சரியா இருக்கும்க்கா" என்றான் குமார். (கல்யாணமாகாதவன், மனிதர்களை நம்புவான்.)

திருப்பினேன். இரண்டு கிலோமீட்டர் இறங்கியதில் சார்ஜ் துளி ஏறியது. வெற்றி! மறுபடி ஏறினேன். முதலில் திரும்பிய இடத்தை எட்டுவதற்குள், மூடுபனிக்கு நடுவே கார் நின்றது. எப்போதும் சத்தம் போடாத வண்டி என்பதால் நின்றது தெரியவே சிறிது நேரமாயிற்று.

"மாப்புள, இது தூங்குதா, முழிச்சிருக்கா?" என்றார் மாமியார்.

நேரம் பத்து. பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறிதான் எங்களை ஏற்றிக்கொண்டது. பட்டு வேட்டியோடு குமார் கொழுந்து மூட்டைமேல், மடியில் வெற்றிலைத் தட்டு. பத்து இருபத்தைந்துக்குப் பெண் வீட்டு முன்னால் இறங்கினோம்.

பெண்ணின் அப்பா தோட்டத்தில் கொழுந்து நிறுத்து, ஈரத்துக்கு எடை கழிக்கிறவர். பனியில் நனைந்து, தலையில் இரண்டு இலையும் அரும்புமாக நின்ற குமாரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்புள ரொம்ப ஈரமா வந்திருக்காரு. ரெண்டு கிலோ கழிச்சிரவா?"

லயத்து வீட்டு வாசல்களில் நின்ற சனமே சிரித்தது. தட்டு மாறியது. காரை மறுநாள் கட்டியிழுத்து வந்தோம்.

இப்போதும் நான் எதையாவது 'நல்லது' என்று சொல்லிவிட்டால் போதும், குமாரின் மனைவி கேட்பாள்: "அண்ணே, இது ஏத்தத்துல பார்த்ததா, எறக்கத்துல பார்த்ததா?"

போன வாரம் சரோஜாவே பதில் சொல்லிவிட்டாள்: "என்னையவே எறக்கத்துலதான் பார்த்தாரு. ஏத்தத்துல நான்ல தள்ளிக்கிட்டு வர்றேன்."