சின்னண்ணனின் வெள்ளைக் கேன்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித உடம்பில் ஏறிய ஈயத்தை அடியோடு விரட்டும் மாபெரும் ஆராய்ச்சி, மல்லசமுத்திரம் சின்னண்ணனின் மூத்திரத்தை நம்பித் தொடங்கிவிட்டது.

சின்னண்ணன் தலை நரைத்த பின்னும் சொந்தக் கடையில் லாரி பேட்டரி பிரிப்பவர். ஈயத்தோடே வாழ்பவர். டாக்டர் பிரபாகர் தாம் கண்டுபிடித்த மாத்திரையைத் தந்தார். அட்டையில் மருந்தின் பெயரைவிட அவர் பெயர் பெரிதாக இருந்தது. ஒரு நாள் முழுக்கப் போவதைப் பிடித்துவர வெள்ளைக் கேன் ஒன்றும் கொடுத்தார்.

"அதுல ஈயம் இருந்துதுன்னா, கடைச் சாவி எங்கிட்ட வந்துரோணுமுங்க," என்றாள் மனைவி அங்காளம்மாள்.

"ஈயமாவது, ஈரவெங்காயமாவது! எனக்கு ஒண்ணுமில்ல புள்ள."

மாத்திரை குப்பைக்குழிக்குப் போனது. கேன் கட்டுத்தரைக்குப் போனது. புல்லும் தண்ணீரும் தவிர வேறெதுவும் அறியாத எருமை அதை ஒரே மூச்சில் நிரப்பிக் கொடுத்தது.

முடிவு வந்ததும் டாக்டர் போனில் கத்தினார்.

"சின்னண்ணன்! ஈயம் கொட்டுது! என் மாத்திரை அடிச்சுத் துரத்துது! இனி ரெண்டு ரெண்டாப் போடுங்க!"

அங்காளம்மாள் கையை நீட்டினாள்.

"ஒருக்கா பாத்ததுக்கெல்லாம் கடைய மூடுவாங்களா? இன்னொருக்கா பாக்கட்டும்!" என்றார் சின்னண்ணன்.

இம்முறை எருமையின் சரக்கைப் பாதியாகக் குறைத்து, அது குடிக்கும் கருந்தொட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கலந்தார். ஈயம் முன்னைவிட ஏறியது.

டாக்டர் சால்வையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கெட்டிக் காப்பியை உறிஞ்சி, இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார்.

"மருத்துவ உலகமே மல்லசமுத்திரத்தைத் திரும்பிப் பாக்கப்போகுது!"

"சாவியக் குடுங்க," என்றாள் அங்காளம்மாள்.

சின்னண்ணன் இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"குடுக்கமாட்டேன்! மாத்திரைல ஒண்ணக்கூட நான் முழுங்குல. கேன்ல இருந்தது என்னோடதே இல்ல, எருமையோடது! அது என்ன, பேட்டரி பிரிக்க என் கடைக்கா வந்துச்சு?"

விரித்த சால்வை டாக்டரின் கையிலேயே நின்றது.

அங்காளம்மாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அது வருலீங்க. நீங்கதான் கடையில அறுத்த பேட்டரிப் பொட்டியக் கொண்டாந்து அதுக்குத் தண்ணித் தொட்டியாப் போட்டீங்க. இந்தக் காப்பி அந்த எருமைப் பாலுங்க."